ரெட்டு விழுந்தால் போதாது, ஃபாலோவும் விழ வேண்டும்

வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா, பிளஸ் டூ படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்காரருக்கு டிபி என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரே அறை வீடு. பிள்ளைக்கும் மாண்டூ, அதாவது டிபி தொற்றைப் பார்க்கும் தோல் ஊசி டெஸ்ட், பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். முன்கையின் உள்பக்கம், ஊசி முனை தோலைத் தாண்டிக் கீழே போகாமல், 0.1 மில்லி மருந்து. சரியாக ஏறினால் அந்த இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக உப்பும், கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். சொறியக் கூடாது, பேனாவால் போட்ட வட்டத்தை அழிக்கக் கூடாது, மூன்றாம் நாள் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். அக்கா முகத்தில் கலவரம்.

"இன்னா தம்பி, ஊசி போட்ட அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. இப்போ பாரு எப்படி வீங்கிக் கீது. மருந்து ஒத்துக்கலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. இப்படி வருதான்னு பாக்கத்தான் வரச் சொன்னது."

"அப்போ வீங்குனா நல்லதா, கெட்டதா?"

பின்னால் நாலு பேர் சுகர் டெஸ்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொசு கடித்தால் ஐந்து நிமிடத்தில் தடிக்கிறது. அந்த உடனடித் தடிப்பு, உடம்பு ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஆன்டிபாடிகளின் வேலை. மாண்டூ அப்படி இல்லை. ஊசியில் போவது டிபி கிருமியிலிருந்து எடுத்த புரதம். உயிருள்ள கிருமி அதில் கிடையாது. அந்தப் புரதத்தை முன்பே ஒருமுறை சந்தித்து ஞாபகம் வைத்திருக்கும் டி செல்கள் (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், அவை கைக்கு வந்து சேர்ந்து, தொட்டுப் பார்த்து, 'ஆமாம், அதே ஆள்தான்' என்று முடிவு கட்டி, மற்ற செல்களுக்கும் ஆள் அனுப்பிக் கூட்டம் சேர்க்க 48 மணி நேரமாவது ஆகும். நாம் ஸ்கேலை வைத்து அளப்பது சிவப்பை இல்லை, விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியை. அந்தக் கெட்டிதான் கூடிவிட்ட கூட்டம்.

டி செல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'உடலின் சிப்பாய்' என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அது ஒட்டுவதில்லை. சிப்பாய்க்கு மேலே ஒருத்தர் இருந்து உத்தரவு போடுவார். டி செல்லுக்கு அப்படி அதிகாரி யாரும் இல்லை, கண்ணும் காதும் கிடையாது. அடிப்பதா, சும்மா இருப்பதா, ஒதுங்கிச் சாவதா என்பதையெல்லாம் அது பெரும்பாலும் தன் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களால் அடுத்த செல்லைத் தடவிப் பார்த்தே முடிவு செய்கிறது. ஒரு புரதம் சரி என்றால் போதாது. பல புரதங்கள் ஆளுக்கொன்று சொல்லும், சில ஒன்றுக்கொன்று எதிராகவே சொல்லும். கடைசியில் எந்தப் பக்கம் கனம் கூடுகிறதோ அதுதான் தீர்ப்பு.

விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருந்தால் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். கடலுக்குப் போன லாஞ்சு மீனோடு கரை சேர்கிறது. கூடை கூடையாக இறக்கி வைக்கிறார்கள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொரு கூடையாகக் குனிந்து, கட்டை விரலால் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அடுத்த கூடைக்கு நகர்கிறார்கள். நம் உடம்பில் லாஞ்சு வேலையைச் செய்வது டென்ட்ரிட்டிக் செல். நுரையீரலிலோ தோலிலோ அகப்பட்டதை விழுங்கி, துண்டு துண்டாக்கி, மேலே ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு வந்து சேரும். தொண்டையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிதான் ஏலக்கூடம். அங்கே டி செல்கள் ஒவ்வொரு டென்ட்ரிட்டிக் செல்லாகத் தொட்டுத் தொட்டு நகரும். பொருந்தாவிட்டால் சில நிமிடத்தில் கிளம்பிவிடும். பொருந்தினால் மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஏலத்துக்கு வருகிறவர் வஞ்சிரமும் வாங்குவார், சங்கராவும் வாங்குவார். டி செல் ஒரே ஒரு வகைத் துண்டைத் தேடித்தான் பிறக்கிறது. ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணும் புது டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அதனால்தான் அது இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசித்திரம், அது கூடை இல்லாமல் மீனைப் பார்க்கவே பார்க்காது. கிருமிப் புரதத்தின் துண்டு, எம்ஹெச்சி என்ற நம்முடைய சொந்தப் புரதத்தின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். துண்டையும் ஏந்தியிருக்கும் தட்டையும் சேர்த்தே டி செல் படிக்கிறது. 1974ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1996ல் நோபல் கிடைத்தது. தட்டில் இரண்டு ரகம். முதல் ரகத்தைப் படிக்க டி செல்லுக்கு சிடி8 என்ற துணைப் புரதமும், இரண்டாவது ரகத்துக்கு சிடி4 என்ற துணைப் புரதமும் வேண்டும்.

சிடி4 என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்குக் காது நிமிரும். டி செல் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பவர்கள்கூட, "இந்தத் தடவ சிடி ஃபோர் எவ்ளோ வந்திருக்கு?" என்று கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். எச்ஐவி கிருமி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியே இந்த சிடி4தான். அதைப் பிடித்த பிறகு சிசிஆர்5 போன்ற இரண்டாவது புரதத்தைப் பிடித்து உள்ளே இறங்குகிறது. இந்தியாவில் எச்ஐவி தொற்று முதன்முதலில் தெரியவந்தது 1986ல், இதே ஊரில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். சிடி4 டெஸ்ட் சீட்டில் வரும் எண், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிடி4 உள்ள டி செல்கள் எத்தனை என்பது. நல்ல உடம்புக்கு ஏறக்குறைய 500லிருந்து 1500 வரை. 200க்குக் கீழே போனால் டிபி உட்பட எதுவும் உள்ளே புகுந்துவிடும். மிஷின் அந்த செல்லை எப்படி எண்ணுகிறது? சிடி4இல் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் மின்னும் சாயம் ஏற்றி ரத்தத்தில் கலக்கிறோம். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் முன் போகும்போது மின்னுவதை எண்ணிக்கொள்கிறது. ஒரு மேற்பரப்புப் புரதத்தைப் பெயர் சொல்லி எண்ணி, அதை வைத்து ஒரு ஆளின் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கிறோம். வடசென்னையில் இதைவிடப் பிரபலமான மூலக்கூறு எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, ஏலத்துக்குத் திரும்புவோம். டி செல்லின் மேல் துண்டைப் படிக்கும் ஏற்பி சுமார் 30,000 இருக்கும். எதிரே பொருத்தமான துண்டு பத்துகூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே செல் கண்டுகொள்ளும். இந்த ஏற்பிக்கு ஒரு குறை. அதன் வால் செல்லின் உள்பக்கம் மிகக் குட்டை. தொட்டது தெரியும், உள்ளே சொல்ல வாய் இல்லை. அதனால் சிடி3 என்ற புரதக் கூட்டம் எப்போதும் அதன் பக்கத்தில் நிற்கிறது; அவற்றின் நீண்ட வால்களில்தான் செய்தி எழுதப்படுகிறது. எழுதுவது என்றால் பாஸ்பேட் என்ற சிறு முத்திரையை வாலில் குத்துவது. முத்திரை குத்தும் ஆள் எல்சிகே என்ற நொதி. அதைக் கூட்டிக்கொண்டு வருவது நம் சிடி4, சிடி8.

முத்திரை குத்துகிறவன் இருந்தால் அழிக்கிறவனும் இருக்க வேண்டும். டி செல்லின் மேல் ஏராளமாக நிற்கும் சிடி45 என்ற புரதம், முத்திரைகளை அழித்துக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் செய்தி எப்படித்தான் உள்ளே போகிறது? எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இதற்குத்தான். ஏற்பியும் தட்டும் கை கோக்கும்போது இரண்டு செல்களின் தோலுக்கும் நடுவே சுமார் 15 நானோமீட்டர் சந்துதான் மிஞ்சும். சிடி45 அதைவிட உயரம். சந்துக்குள் நிற்க இடமில்லாமல் ஓரமாகத் தள்ளப்படுகிறது. அழிக்கிறவன் வெளியே போனதால் முத்திரை நிலைக்கிறது. வெறும் உயரக் கணக்கு! இன்றைக்குப் பல ஆய்வுகள் இந்த விளக்கத்தின் பக்கம்தான் நிற்கின்றன. அதற்காக சிடி45ஐ வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் எல்சிகேவும் பூட்டிக்கொண்டு வேலை செய்யாமல் கிடக்கும்.

இவ்வளவும் நடந்தால் டி செல் கிளம்பிவிடுமா? கிளம்பாது.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் கிளப். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண். ரெட்டு என்கிற சிவப்புக் காயைக் குழியில் தள்ளினால் மட்டும் அது உங்களுடையது ஆகிவிடாது. உடனே உங்கள் காய் ஒன்றை ஃபாலோ போட வேண்டும். ஃபாலோ விழாவிட்டால் ரெட்டை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்கள். டி செல்லுக்கும் அதே சட்டம். ஏற்பி துண்டை அடையாளம் கண்டது ரெட்டு. டி செல்லின் மேலுள்ள சிடி28, எதிர்ச் செல்லின் மேலுள்ள பி7 என்ற புரதத்தைப் பிடிப்பது ஃபாலோ. இரண்டும் விழுந்தால்தான் செல் பெருகத் தொடங்கும்.

டி செல்லின் ஆட்டத்தில் தண்டனை கேரத்தைவிடக் கடுமை. ரெட்டு விழுந்து ஃபாலோ விழாவிட்டால் டி செல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, மரத்துப்போகிறது. அப்புறம் இரண்டும் சேர்ந்து கிடைத்தாலும் சுலபத்தில் அசையாது. 1987ல் அமெரிக்காவில் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் இதைக் காட்டினார்கள். கேட்பதற்கு அநியாயம் போல இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் சொந்தப் புரதங்களையே எதிரியாகப் படிக்கும் டி செல்கள், அவை வளரும் இடமான நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில் பெரும்பாலும் அழிக்கப்பட்டாலும், சில தப்பித்து வெளியே வந்துவிடும். அவை நம்முடைய ஈரலிலோ மூட்டிலோ தங்கள் துண்டைக் காணத்தான் செய்யும். அங்கே பி7 கிடையாது. டென்ட்ரிட்டிக் செல்லுமே கிருமியின் வாடை பட்டால்தான் பி7ஐ நிறைய மேலே ஏற்றும். அதாவது ஏற்பி 'இது என்ன' என்பதை மட்டும் சொல்கிறது, பி7 'இது ஆபத்தான இடத்தில் கிடைத்தது' என்று சாட்சி சொல்கிறது. சாட்சி இல்லாத வழக்கில் மாட்டிய டி செல்லை உடம்பு மரக்கடித்துவிடுகிறது.

ஃபாலோவை வெளியிலிருந்து வலுக்கட்டாயமாகப் போட்டால் என்ன ஆகும் என்று 2006 மார்ச்சில் லண்டனில் தெரிந்தது. டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து, ஏற்பியைத் தொடாமல் சிடி28ஐ மட்டும் பிடித்து டி செல்லை எழுப்பும். ரெட்டே இல்லாமல் ஃபாலோவை மட்டும் எண்ணிக்கொள்கிற ஆட்டம். குரங்குகளுக்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அந்த அளவில் 500இல் ஒரு பங்கை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, பத்துப் பத்து நிமிட இடைவெளியில் ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. பிறகு ரத்த அழுத்தம் சரிந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி, ஆறு பேரும் தீவிர சிகிச்சையில். எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவர் விரல்களை இழந்து. குரங்குக்கு ஏன் ஆகவில்லை? மனிதனிடம் திசுக்களில் சுற்றும் ஒரு வகை நினைவு டி செல்லில் சிடி28 இருக்கிறது, சோதித்த குரங்கின் அதே வகை செல்லில் அது இல்லை. தோலின் மேல் ஒரு புரதம் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் பத்து நிமிடத்தில் அடுத்த ஆளுக்கு ஊசி போட்டதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. நாங்கள் பென்சிலின் டெஸ்ட் டோஸுக்கே அதைவிட நேரம் உட்கார வைப்போம்.

இதே பாடத்தை ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை நல்லவிதமாகப் பயன்படுத்திக்கொண்டது. நோயாளியின் டி செல்லை எடுத்துச் செயற்கை ஏற்பி பொருத்துகிறார்கள். ஆரம்பத்தில் செய்தவற்றில் ரெட்டு மட்டும் இருந்தது, உடம்புக்குள் நீடிக்கவில்லை. ஃபாலோ வேலை செய்யும் ஒரு புரதத்தின் வாலையும் அதே ஏற்பியில் ஒட்டிய பிறகுதான் பலித்தது. 2023ல் அனுமதி பெற்ற, மும்பை ஐஐடியில் உருவான நெக்ஸ்கார்19 இந்த ரகம்தான்.

எழுப்புவது இவ்வளவு சிக்கல் என்றால், எழுந்ததை உட்கார வைப்பது அதைவிட முக்கியம். விழித்துக்கொண்ட டி செல், உள்ளே பைகளில் வைத்திருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தை மேலே அனுப்புகிறது. அது பார்க்க சிடி28இன் சகோதரன் மாதிரி இருக்கும். பிடிப்பதும் அதே பி7ஐத்தான். ஆனால் பிடி பல மடங்கு கெட்டி. சிடி28 கை நீட்டுவதற்கு முன்பே பி7ஐப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டு சும்மாவும் நிற்காது. எதிர்ச் செல்லிலிருந்து பி7ஐப் பிய்த்து எடுத்துத் தன் செல்லுக்குள் விழுங்கிவிடும் என்று 2011ல் காட்டினார்கள். ஃபாலோ போட வைத்திருந்த காயைப் போர்டிலிருந்தே எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொள்வதற்குச் சமம். சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறக்கும் எலிகள் மூன்று, நான்கு வாரங்களில் செத்துப்போகின்றன. கிருமி காரணம் இல்லை, அவற்றின் டி செல்களே உறுப்புகளுக்குள் புகுந்து தின்றுவிடுகின்றன.

இதை இரண்டு பக்கமும் மருந்தாக்கினார்கள். முடக்குவாதக்காரர்களுக்கு சிடிஎல்ஏ-4இன் வெளிப்பாகத்தையே ஊசியாகக் கொடுத்து பி7ஐ மூடுவது அபாடசெப்ட். அது 2005ல் வந்தது. புற்றுநோய்க்காரர்களுக்கு சிடிஎல்ஏ-4ஐ மறைத்து டி செல்லை அவிழ்த்துவிடுவது இபிலிமுமாப், 2011. பின்னதற்கு வழி போட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கு 2018ல் நோபல் கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவின் கூடத்தில் 1992ல் கண்டெடுத்தது பிடி-1. செல் தானாகச் சாகும்போது என்ன நடக்கிறது என்று தேடியபோது அகப்பட்ட புரதம் அது. பெயரிலும் சாவு ஒட்டிக்கொண்டது (பிடி என்றால் 'புரோகிராம்டு டெத்'), வேலை வேறு. ரொம்ப நாளாகச் சண்டையிடும் டி செல்லின் மேல் பிடி-1 ஏறும். அதைத் தொடும் பிடி-எல்1 சாதாரணத் திசுக்களிலும் இருக்கிறது, 'போதும், விடு' என்று சொல்வதற்காக. புற்றுநோய்ச் செல்களும் அதையே அணிந்துகொண்டு டி செல்லை ஏமாற்றுகின்றன. பிடி-1 எந்த முத்திரையை அழிக்கிறது என்று பார்த்தபோது, ஏற்பியின் முத்திரையைவிட சிடி28இன் முத்திரையைத்தான் அது முதலில் குறிவைக்கிறது என்று 2017ல் வந்த ஆய்வு சொன்னது. ரெட்டை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கை வைப்பது ஃபாலோவில்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வரலாம்.

டிபிக்கு எதிராக சிடி4 டி செல்கள் வேண்டும், அதில் சந்தேகமில்லை. எச்ஐவி வந்தவர்களை டிபி எப்படி வாட்டுகிறது என்பதே சாட்சி. அப்படியென்றால் பிடி-1ஐ எடுத்துவிட்டு டி செல்லை முழு வேகத்தில் விட்டால் டிபி ஒழிந்துவிடுமா? எலிகளில் பார்த்தார்கள். பிடி-1 இல்லாத எலிகளின் நுரையீரலில் டிபியை அறிந்த சிடி4 செல்கள் குவிந்தன. கிருமி குறையவில்லை, கூடியது. எலிகள் சீக்கிரம் செத்தன, அதற்குக் காரணமே அந்த சிடி4 செல்கள்தான். மனிதர்களிலும் புற்றுநோய்க்கு பிடி-1 மருந்து போட்டுக்கொண்ட சிலருக்கு, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த டிபி எழுந்திருக்கிறது. நுரையீரலில் ஓட்டை விழுவதற்குக் கிருமி மட்டும் பொறுப்பில்லை, நம் செல்களின் ஆவேசத்துக்கும் அதில் பங்கு உண்டு.

வீக்கம் இருந்தால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. 1968ல் சென்னைக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பிசிஜி போட்டவர்களுக்கு மாண்டூ தடிக்கும். டி செல்லுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் மாதிரியான கடும் டிபியைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறோம்.

ஆக, அந்தக் கெட்டி ஒரு ஞாபகச் சின்னம். எங்கேயோ ஒரு நெறிக்குள் ரெட்டும் விழுந்தது, ஃபாலோவும் விழுந்தது, அவ்வளவு உறுதி. கிருமி இப்போது ஆடுகிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது.

அன்றைக்குப் பிள்ளையின் கையில் பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தேன். முனை தடுக்கிய இடத்தில் நிறுத்தினேன். எதிர்ப்பக்கமும் அப்படியே. நடுவில் ஸ்கேலை வைத்தால் 14 மில்லிமீட்டர். பத்துக்கு மேல் என்றால் பாசிட்டிவ். எழுதிக் கொடுத்துவிட்டு, "நல்லதும் இல்ல கெட்டதும் இல்லக்கா, டாக்டர்கிட்ட காட்டுங்க, எக்ஸ்ரே எடுக்கச் சொல்வாரு" என்றேன். அக்காவுக்கு அது பதிலாகவே படவில்லை.

போன வாரம் மீன் வாங்கப் போனபோது பார்த்தேன். எக்ஸ்ரே சுத்தமாம். வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, 12 வாரம், மூன்று முடிந்திருக்கிறது. "கைல அந்தத் தழும்பு மட்டும் கொஞ்சம் கருத்துக் கீது தம்பி" என்றார், சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே.